விலைக்கு இல்லை, மாற்றுக்கு உண்டு

எங்கள் கூட்டத்தில் யாராவது ஒரு விரிப்பை மேசையில் போட்டால் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்போம். நூலை எங்கே முடிந்திருக்கிறார், மிச்ச வாலை எப்படி உள்ளே ஓட்டி மறைத்திருக்கிறார், ஒரு பூவை முடித்ததும் நூலை வெட்டினாரா இல்லை அடுத்த பூவுக்கு அப்படியே இழுத்துக்கொண்டு போனாரா, எல்லாவற்றையும் பின்பக்கம் சொல்லிவிடும். வீட்டுக்கு வருகிற விருந்தாளி முன்பக்கத்தைப் பார்த்து "நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை அதன் மேலேயே வைப்பார். பாறசாலை டீச்சர் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் அன்றைக்கு நமக்குச் சோறு இறங்கும்.

நாங்கள் செய்வது இதுதான். கையால் பின்னியது, தைத்தது, நெய்தது எதுவானாலும் கொண்டுவந்து விரிப்போம். இன்னொருவர் செய்ததை எடுத்துக்கொண்டு போவோம். காசு கிடையாது. ஓணத்துக்கு முன்னால் ஒரு தடவை, கிறிஸ்துமஸ் சந்தடி அடங்கின பிறகு ஒரு தடவை கூடுவோம். இடையில் யாருக்காவது அவசரம் என்றால், பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானத் தொப்பி வேண்டும் என்பது போல ஏதாவது வந்தால், போனில் பேசி முடித்துக்கொள்வோம்.

பாதிப் பேர் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், மீதிப் பேர் அந்தப் பக்கம். மார்த்தாண்டம், கருங்கல், தேங்காப்பட்டணத்துக்காரர்கள் குழித்துறையில் ரயில் ஏறுவோம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரையிலிருந்து வருகிறவர்கள் எதிர்த் திசையில் வந்து இறங்குவார்கள். நடுவில் பாறசாலை, அங்கே டீச்சர் வீடு. 1956 நவம்பரில் மாநிலக் கோடு போட்டபோது எங்கள் பாட்டா தமிழ்நாட்டில் நின்றுவிட்டார், அவருடைய அக்கா கேரளத்தில் நின்றுவிட்டார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அப்போதிலிருந்தே அந்தப் பக்கம் போய் வந்துகொண்டுதான் இருக்கிறோம். இப்போது பின்னலுக்கும் போகிறோம், அவ்வளவுதான்.

"இவ்வளவு நல்லா செய்யிறீங்க, விக்கலாமே?" என்று கேட்காத ஆள் இல்லை. விற்கப் போன கதை என்னிடமும் இருக்கிறது. பக்கத்து டவுனில் ஒரு கடையில் நான் பின்னிய தீபாய் விரிப்புகளைக் காட்டினேன். கடைக்காரர் நல்ல மனுஷன்தான். ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஏந்தி, "நூல் எத்தன உருண்ட ஆச்சு?" என்றார். சொன்னேன். நூல் விலையோடு கொஞ்சம் சேர்த்து ஒரு தொகை சொன்னார். அவர் தலைக்கு மேலே மீட்டர் கணக்கில் விற்கிற மெஷின் லேஸ் ரோல் ரோலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்க வருகிறவருக்கு அதுவும் இதுவும் ஒன்றுதான் என்றார். அதை நான் மறுக்கவில்லை. வாங்க வருகிறவருக்கு ஒன்றுதான். அதனால்தான் வாங்க வருகிறவரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விற்பது கேவலம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல இந்த ஊர்க்காரிக்கு யோக்கியதையும் கிடையாது. ரேந்தை, அதாவது கையால் பின்னுகிற லேஸ், எங்கள் பக்கத்தில் பொழுதுபோக்காக வந்ததே இல்லை. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த லண்டன் மிஷன் போதகர் சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த தொழில் அது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழித்தது 1855-இல்தான். அதற்கு முன்பே ரேந்தை பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு என்று எங்கள் சபையில் பெரியவர்கள் சொல்வார்கள். பிறகு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மதர் மரி லூயிஸ் தெமேஸ்தரும் அவரோடு இருந்த சகோதரிகளும் அநாதைப் பிள்ளைகளை வைத்து நடத்திய இல்லத்தில் இதே கைவேலையை வளர்த்தார்கள். முளகுமூடு லேஸ் என்றால் இன்றைக்கும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆக, நூலும் ஊசியும் இங்கே பல வீட்டில் உலை வைத்திருக்கிறது.

எங்கள் மாமியே அப்படிக் கூலிக்குப் பின்னியவர்தான். ஏதோ ஒரு ஏஜெண்டுக்கு அளவு கணக்கில் பின்னிக் கொடுப்பாராம். கறை இருந்தால் காசு கிடையாது. அதனால் கையை உமியும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டுத்தான் லேஸ் பின்னுகிற தலையணை முன்னால் உட்காருவார். எங்கள் மாற்றுக் கூட்டத்தைப் பற்றி முதலில் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "சும்மா பின்னி சும்மா குடுக்கியளா? வேற வேல இல்லியா பிள்ளே?" என்றார். அவர் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

மாற்று என்று வந்தவுடனே எழுகிற சண்டை, எதற்கு எது ஈடு என்பது. எங்களோடு ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். குறுக்குத்தையலில் கெட்டி. கட்டம் கட்டமாக எண்ணித் தைப்பவருக்கு எல்லாமே எண்ணாகத்தான் தெரியும் போல. அவர் ஒரு நோட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் செலவழித்தோம் என்று எழுதி வைத்தால் நியாயமாகப் பங்கு போடலாம் என்றார். கேட்க நன்றாக இருந்தது. டீச்சருக்கு விரல் மூட்டில் வலி. ஒரு பூவுக்கு ஒரு மதியம் எடுப்பார். குமாரகோவில் பக்கத்திலிருந்து வருகிற காலேஜ் பிள்ளை ஒரே ராத்திரியில் யானைப் பொம்மை ஒன்றைப் பின்னி முடித்துப் பஞ்சையும் அடைத்துவிடும். மணிக்கணக்கு பார்த்தால் வேகமாகச் செய்கிறவளுக்கு நஷ்டம். நூலின் எடையைப் பார்த்தால், நாற்பதாம் நம்பர் நூலில் ஊசி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பின்னியது தோற்றுப்போகும், கம்பளி நூலில் தொளதொளவென்று போட்டது ஜெயித்துவிடும். அளவை வைத்துப் பார்த்தாலும் அதே கதிதான். நோட்டு இன்னும் அண்ணாச்சியிடம் இருக்கிறது. இப்போது அதில் யார் யார் டீத்தூள் வாங்கினார்கள் என்பதை எழுதுகிறார்.

கடைசியில் நாங்கள் பிடித்துக்கொண்ட வழி இது. எல்லாப் பொருளும் மேசையில் இருக்கும். வேண்டும் என்கிறவர்கள் தங்கள் பெயரைச் சீட்டில் எழுதி அதன் அடியில் வைப்பார்கள். டீ குடித்து முடித்த பிறகு, செய்தவர் சீட்டுகளை எடுத்துப் பார்த்து யாருக்கு என்று சொல்வார். காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்னுடையதை எடுத்துக்கொண்டவரிடமிருந்துதான் நான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சுற்றி வந்து யாரிடமிருந்தோ ஏதோ ஒன்று கிடைக்கும். பெரிய கட்டில் விரிப்பைக் கொடுத்துவிட்டு உள்ளங்கை அளவு ரேந்தைத் துண்டோடு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு, சந்தோஷமாகத்தான் போனார்கள்.

கடையில் வாங்குகிறவர் தேர்ந்தெடுக்கிறார். இங்கே செய்தவர் தேர்ந்தெடுக்கிறார். எனக்கு இந்தக் கூட்டம் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு விஷயம் போதும்.

போன ஓணத்துக்கு முன்னால் தேங்காப்பட்டணத்து ராத்தா பின்னிக் கொண்டுவந்த தொழுகைத் தொப்பியைச் சொல்ல வேண்டும். வெள்ளை நூல், மேலே நட்சத்திரம்போலத் துளைகள். வட்டம் பின்னுகிறவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். ஊசியில் நூலை ஒரு தடவை சுற்றிப் போடுகிற உயரக் கண்ணியில், சுற்றுக்கு 12 கண்ணி கூட்டிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாகப் படுக்கும். அதற்குக் குறைந்தால் கிண்ணம்போலக் குழியும், கூடினால் ஓரம் சுருண்டு அலையடிக்கும். விரிப்பு பின்னுகிற எங்களுக்குக் கிண்ணம் என்றாலே பயம். ராத்தாவுக்கு அதுதான் வேலை. உச்சியில் தட்டையாகக் கொண்டுபோய், தலையின் அளவு வந்த இடத்தில் கூட்டுவதை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் தொப்பி தானாகச் சுவர் இறங்கும். எந்தச் சுற்றில் நிறுத்துவது என்று கேட்டேன். "தலயப் பாத்தா தெரியும்லா" என்றார். அளவு நாடா அவர் வீட்டில் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம்.

அந்தத் தொப்பிக்கு அடியில் அண்ணாச்சியின் சீட்டு கிடந்தது. நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர் அவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கூடவே வண்டி ஓட்டிய டிரைவர் ஒருவர் இருக்கிறாராம், பெருநாளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். ராத்தா மற்ற சீட்டுகளைப் படிக்கக்கூட இல்லை. "அவருக்குத் தல பெருசா சின்னதா?" என்று மட்டும் கேட்டார். பெரிசு என்றதும் தொப்பியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு பின்னித் தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

பாலராமபுரத்து அக்காவுக்கு எங்கள் நடுவில் தனி மரியாதை. அவர் மட்டும்தான் நெசவுக் குடும்பம். திருவிதாங்கூர் பாலராமவர்மா மகாராஜா காலத்தில், திவான் உம்மிணித்தம்பியின் முயற்சியில், நம்முடைய பக்கத்திலிருந்து அங்கே குடியேறிய சாலியர்கள் அவர்கள். இருநூறு வருஷம் தாண்டியும் வீட்டில் தமிழ்தான். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத்தெரு என்று அங்கே நெசவாளர் தெருக்கள் உண்டு. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இழை முறுகிவிடும். அக்கா எங்களுக்குக் கொண்டுவருவது சேலை இல்லை. பாவு முடிகிற இடத்தில், அதற்கு மேல் நெய்ய வழியில்லாமல் தறியில் ஒரு முழத்துக்கு நூல் மிஞ்சும். அதை வெட்டிச் சிப்பம் கட்டி எடுத்து வருவார். கூடவே கசவுக் கரைத் துண்டுகள், பொன் இழை ஓடிய கரை.

அந்த மிச்ச நூலுக்கு நாங்கள் போடுகிற போட்டி, முழு விரிப்புக்குக்கூடப் போடுவதில்லை. நூறாம் நம்பர் நூல், நம்பர் கூடக் கூட இழை மெலியும். தனி இழையாக எடுத்தால் ஊதினால் பறக்கும். வெந்நீரில் ஊறப்போட்டுக் கஞ்சியை இறக்கி, நிழலில் காயவைத்து, ஆறேழு இழையைச் சேர்த்து முறுக்கினால்தான் குரோஷா ஊசிக்குத் தாங்கும். துண்டு நூல் என்பதால் முடிச்சுகள் வரும். அந்த முடிச்சுகளை எங்கே ஒளிப்பது என்பது தனிக் கலை. ஆனால் கடை நூலில் இருக்கிற அந்தப் பளபளப்பு இல்லாமல், பழைய வேட்டியைத் தொடுகிற மாதிரி ஒரு மென்மை வரும் பாருங்கள், அதற்கு விலை கிடையாது. அக்கா முதல் தடவை வந்தபோது நாங்கள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, தன் தோளில் கிடந்த நேரியது என்கிற மேல்துணியை எடுத்து இரண்டு பக்கமும் காட்டினார். எது முன், எது பின் என்று டீச்சராலும் சொல்ல முடியவில்லை. பாலராமபுரத்து நெசவுக்கு அதுதான் பேர், கரையும் பூவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல விழும். "எங்களுக்குப் பின்பக்கமே இல்ல" என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தது இன்னும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது அசட்டையாக முடிச்சுப் போட்டால், "இவளுக்கு முன்பக்கமே இல்ல" என்போம்.

கசவுத் துண்டை வைத்துச் சுருக்குப் பை தைக்கலாம், புத்தகத்துக்கு அட்டை போடலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். இப்போது மலிவுத் துணியில் வருகிற பொன் கரையில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் இழை. சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் சுருங்கி இழுத்துக்கொள்ளும், துணி பாழ். மேலே ஒரு ஈரத்துண்டைப் போட்டுத் தேயுங்கள்.

விதி என்று சொன்னால் எங்களிடம் இருப்பது எல்லாம் மழையால் வந்த விதிகள். இது ஆனியிலும் நனைகிற ஊர், ஐப்பசியிலும் நனைகிற ஊர். பருத்தி ஈரத்தைக் குடித்துவிட்டு அலமாரிக்குள் பூசணம் பிடிக்கும். கொண்டுவருகிற எதையும் துவைத்து வெயில் காட்டிய பிறகுதான் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் கவரில் போடக் கூடாது, பழைய வேட்டித் துணியில் சுற்ற வேண்டும். விரைப்பாக நிற்கட்டும் என்று கஞ்சி போட்டு வைத்தால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி. அதனால் கஞ்சி போடுவது எடுத்துக்கொண்டு போகிறவர் வேலை, விரிக்கிற அன்றைக்குப் போட்டால் போதும். விரிப்பை இழுத்துக் குத்திக் காயவைக்கிற குண்டூசி துருப்பிடிக்காத எஃகாகவோ பித்தளையாகவோ இருக்க வேண்டும். சாதாரண ஊசி ஒரு ராத்திரியில் சிவப்புப் புள்ளி வைத்துவிடும், அந்தக் கறை லேசில் போகாது. பாச்சா உருண்டை வாசம் அடித்தால் டீச்சர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார், அவருக்கு மூச்சிரைப்பு. சிவப்பு நூல் போட்ட எதற்கும் ஒரு பரீட்சை உண்டு. ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்திப் பார்ப்போம். துணியில் சாயம் ஒட்டினால், வெள்ளையோடு சேர்த்துத் துவைக்காதே என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும்.

டிசைனைப் பார்த்துப் போடலாமா என்று ஒரு காலத்தில் பெரிய வாக்குவாதம் நடந்தது. டீச்சர் பின்னிய அன்னாசி டிசைன் விரிப்பை ஒருத்தி எடுத்துக்கொண்டு போய், பல்குத்தும் குச்சியால் கண்ணி கண்ணியாக எண்ணி அப்படியே பின்னிக்கொண்டு வந்துவிட்டாள். டீச்சர் முகம் கறுத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒன்பதாவது சுற்றில நான் விட்ட தப்பையும் சேர்த்துப் போட்டிருக்கா" என்றார். அத்தோடு அந்த வாக்குவாதம் முடிந்தது. டிசைனைப் பெட்டிக்குள் பூட்டி வைக்க முடியாது என்பதுதான் என் கட்சியும். டீச்சருக்கே அது கன்னியாஸ்திரி மடத்தில் யாரோ பின்னியதைப் பார்த்து வந்ததுதானே.

இனி மாமி. மழைக்கால மதியம் ஒன்றில் பொழுது போகாமல் எங்களோடு ரயிலேறி வந்தார். மேசையைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அடுத்த தடவை தன்னுடைய தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வைக்கோலை இறுகத் திணித்த உருளை, தட்டினால் மரம்போலச் சத்தம் வரும். அதன் மேல் துளை குத்திய அட்டை, துளைக்கொரு பித்தளை ஊசி, ஊசிகளிலிருந்து ஜோடி ஜோடியாகத் தொங்குகிற மரக்குச்சிகள், ஒவ்வொன்றிலும் சுற்றிய நூல். நாலு குச்சியைக் கையில் எடுத்தால் நடுவில் இருக்கிற இரண்டும் இடம் மாறும். அப்புறம் ஒவ்வொரு ஜோடியிலும் வலது குச்சி இடதின் மேல் ஏறும். இந்த இரண்டு அசைவுதான், வேறு எதுவும் கிடையாது. பூவும் இலையும் வலையும் எல்லாம் இந்த இரண்டையும் எந்த வரிசையில் போடுகிறோம் என்பதில் இருக்கிறது. நாங்கள் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மாமி பேசிக்கொண்டே குச்சிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கை என்ன செய்கிறது என்பதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

டீச்சர் கேட்டார், "சேச்சி, இதொண்ணு படிப்பிச்சுத் தருமோ?"

மாமி யோசித்தார். கூலிக்குப் பின்னிய கை அல்லவா, சும்மா சொல்லிக் கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் காசும் கேட்கவில்லை. ஒரு பாடத்துக்கு ஒரு பொருள் என்றார், எது என்பதைத் தானே சொல்வேன் என்றார். எங்கள் சட்டத்தில் செய்தவர்தான் யாருக்கு என்று சொல்வார், இதுதான் வேண்டும் என்று அடித்துக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அண்ணாச்சி அதை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தார், டீச்சர் ஒரு பார்வையில் மூடவைத்தார்.

அப்படிப் பொருள் பட்டியலில் பாடமும் சேர்ந்துவிட்டது. ராத்தாவிடம் மாமி வாங்கிக்கொண்டது, கடலை வறுக்கும்போது சட்டியைப் பிடிக்கக் கனத்த பிடிதுணி. அக்காவிடம் கசவு வைத்த திருவிவிலிய உறை. காலேஜ் பிள்ளையிடம் அந்த யானை, கொள்ளுப்பேரனுக்கு. அந்தப் பிள்ளைதான் இப்போது எங்களில் நன்றாகப் பின்னுகிறது. குச்சிகள் குழம்பும்போது மாமி அதன் மணிக்கட்டைத் தட்டி, "கையத் தளத்து மக்களே, நூலு எங்கயும் ஓடிப் போவாது" என்கிறார்.

என்னிடம் மட்டும் மிக்சிக்கு உறை கேட்டிருக்கிறார். பச்சையில் வேண்டுமாம், வாழையிலைப் பச்சை, அதுவும் சாயம் போகாத பச்சை. மார்த்தாண்டத்தில் இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டேன், கிளிப்பச்சைதான் இருக்கிறது. யாரிடமாவது வாழையிலைப் பச்சையில் பருத்தி நூல் மிச்சம் கிடந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு நான் எதுவும் பின்னித் தருவேன், மிக்சி உறை தவிர.